பழைய ஸ்டாம்ப்: புதையலா, போலியா? கடலூர் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் ‘பிரெஞ்சிந்திய’ அஞ்சல்தலைகளைச் சோதிப்பது எப்படி?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால், 1954 வரை அந்த 20 கிலோமீட்டருக்குள் இரண்டு ஆட்சிகளின் எல்லை ஓடியது. தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் மன்னர் தலை போட்ட ஸ்டாம்ப். பாகூரைத் தொட்டுவிட்டால் பிரெஞ்சு எழுத்து போட்ட ஸ்டாம்ப். எல்லைக்கு இருபுறமும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, வியாபாரம் செய்து வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடிதமும் இருபுறமும் போய் வந்தது. பிரெஞ்சு அரசு வேலைக்காக சைகோன் போன உறவினர்களிடமிருந்தும் தபால் வந்தது. அப்படி வந்த உறைகள் கடலூர், சிதம்பரம் பக்கம் சில வீட்டுப் பரண்களில் இன்றும் இருக்கின்றன.

பெட்டியைத் திறந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “இது லட்சக்கணக்குல போகுமாமே, நிஜமா?” என்பதுதான். பெரும்பாலும் இல்லை என்பதே பதில். பழைய அஞ்சல்தலைகளில் மிகப் பெரும்பகுதி சில ரூபாய்க்குக் கிடைப்பவை. அரிதானவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் போலி செய்பவர்களும் குறிவைக்கிறார்கள். வாங்கப் போகிறவர் ஏமாறாமல் இருக்கவும், விற்கப் போகிறவர் நல்ல பொருளைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் சில அடிப்படைச் சோதனைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிரெஞ்சிந்தியாவில் என்னென்ன தலைகள் வந்தன?

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் பிரெஞ்சிந்தியா. தொடக்கத்தில் பிரெஞ்சுக் காலனிகள் அனைத்துக்கும் பொதுவான அஞ்சல்தலைகளே இங்கும் பயன்பட்டன. 1892-ல்தான் ‘இந்தியக் குடியேற்றங்கள்’ என்று பிரெஞ்சில் பெயர் பொறித்த தலை வந்தது. ‘கப்பல் போக்குவரத்தும் வணிகமும்’ என்ற கருத்தில் வரைந்த படம் அது.

1914-ல் நம் ஊர் வாசனை வந்தது. பிரம்மா உருவமும், புதுச்சேரி அருகே உள்ள காளி கோயிலும் அஞ்சல்தலையில் ஏறின. 1923-ல் இன்னொரு மாற்றம். பிராங்க், சென்டிம் கணக்கை விட்டுவிட்டு உள்ளூர்க் கணக்குக்கு மாறினார்கள். 24 ‘காஷ்’ ஒரு ‘பனோன்’, 8 பனோன் ஒரு ரூபாய். காது கொடுத்துக் கேட்டால் புரியும்: நம் காசும் பணமும்தான் பிரெஞ்சு உச்சரிப்பில் அப்படி ஆகியிருக்கின்றன. கையிருப்பில் இருந்த பழைய தலைகளின் மேலேயே புதிய விலையை அச்சிட்டு விற்றார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வின் 1940 செப்டம்பரில் தெகோலின் ‘சுதந்திர பிரான்ஸ்’ பக்கம் சேர்ந்தார். 1941 முதல் ‘பிரான்ஸ் லீப்ர்’ என்ற சொற்கள் பழைய தலைகளின் மேல் அச்சாகி வந்தன. சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவதும் இவற்றைத்தான், அதிகம் எச்சரிக்கை தேவைப்படுவதும் இவற்றில்தான்.

போலி செய்தவர்கள் யார்?

அஞ்சல்தலைப் போலி நேற்று முளைத்த தொழில் இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்பிரோ சகோதரர்கள் பல நாட்டுத் தலைகளின் நகல்களை அச்சடித்து விற்றார்கள். ஆல்பத்தில் காலி இடத்தை நிரப்ப அவை மலிவாகக் கிடைத்தன. பிறகு ஜெனீவாவில் பிரான்சுவா பூர்னியே வந்தார். தாம் விற்பது கலைப் பொருள், மோசடி அல்ல என்பது அவர் வாதம். 1917-ல் அவர் இறந்தார். மிச்சமிருந்த சரக்கைப் பின்னர் ஜெனீவாவின் அஞ்சல்தலைச் சங்கம் வாங்கி, சேகரிப்பாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஆல்பங்களாகத் தொகுத்தது.

பிரெஞ்சுக் காலனித் தலைகள் இத்தகைய ஆட்களுக்கு வசதியாகப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1892-ன் படம் எல்லாக் காலனிகளுக்கும் ஒன்றுதான். காலனியின் பெயர் மட்டும் தனியாக, வேறு நிறத்தில் அச்சாகும். ஒரு படத்துக்கு அச்சு செய்துவிட்டால் போதும். பெயரை மாற்றி மாற்றி டஜன்கணக்கான ‘நாடுகளை’ உருவாக்கிவிடலாம்.

இவர்கள் எல்லோரையும் மிஞ்சியவர் ஜான் டி ஸ்பெராட்டி. மலிவான அசல் தலை ஒன்றை எடுத்து, படத்தை மட்டும் ரசாயனத்தால் அழிப்பார். தாள் அசல், ஓரத் துளை அசல், அஞ்சல் முத்திரையும் அசல். அதன்மேல் விலை உயர்ந்த தலையின் படத்தை அச்சிடுவார். 1942-ல் பிரெஞ்சு சுங்கத்துறை அவர் அனுப்பிய தலைகளைப் பிடித்து, அரிய பொருளை அனுமதியின்றி நாடு கடத்துவதாக வழக்குப் போட்டது. ‘இவை நானே செய்த நகல்கள்’ என்று சொல்லித் தப்பிக்க வேண்டிய நிலைமை அவருக்கு! நிபுணர்கள் அவற்றை அசல் என்றே முதலில் சொல்லியிருந்தார்கள். 1950-களில் பிரிட்டிஷ் அஞ்சல்தலைச் சங்கம் அவருடைய சரக்கை வாங்கி அந்தக் கடையை மூடவைத்தது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

ஒன்று, ஓரத் துளை. இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்பதே அளவு. அஞ்சல்தலைப் பொருட்கள் விற்கும் கடைகளில் இதற்கான அளவுகோல் கிடைக்கும். 1892 வகை அசல் தலைகளில் கிடைமட்ட ஓரம் 14, செங்குத்து ஓரம் 13½. இது தலைகீழாக, அதாவது கிடைமட்டம் 13½, செங்குத்து 14 என்று இருந்தால் அது போலி என்று பட்டியல் நூல்களே குறிப்பிடுகின்றன. வித்தியாசம் அரைத் துளைதான். ஆனால், வெறும் கண்ணை ஏமாற்றும் போலி இந்த அட்டையிடம் மாட்டிக்கொள்கிறது.

இரண்டு, அச்சு முறை. அந்தக் கால அச்சகத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும். உலோக அச்சு தாளை அழுத்துவதால் அப்படி. 1892 தலைகள் இதே முறையில் அச்சானவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டின் விளிம்பில் மை ஒதுங்கி, சற்று அடர்த்தியாகத் தெரியும். கல்லச்சில் செய்த போலியில் மை ஒரே சீராகத் தட்டையாகப் படிந்திருக்கும். இன்றைய கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த நகல் என்றால் சொல்லவே வேண்டாம். லென்ஸில் கோடுகள் மறைந்து வண்ணப் புள்ளிகளாகச் சிதறும்.

மூன்று, தாள். வாட்டர்மார்க் எனப்படும் நீர்க்குறி, தாள் தயாராகும்போதே உள்ளே பதிவது. பிரிட்டிஷ் இந்தியத் தலைகளில் இது பெரிய உதவி. 1865-ல் யானைத் தலை, 1882 முதல் நட்சத்திரம் என்று காலத்துக்கு ஏற்ப குறி மாறியது. யானை இருக்க வேண்டிய தலையில் நட்சத்திரம் இருந்தால் ஏதோ சரியில்லை. இன்னொரு சோதனைக்குக் கடையில் ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு போதும். தாளைப் பளிச்சென்று காட்டும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவலானது. 1892-ன் தலை விளக்கின் கீழ் வெள்ளை நீலமாக மின்னினால் சந்தேகப்படலாம்.

நான்கு, மேலச்சு. ‘பிரான்ஸ் லீப்ர்’ போன்ற சொற்கள் தலை விற்பனைக்கு வரும் முன்பே அச்சானவை. அஞ்சல் முத்திரை குத்தப்பட்டது அதற்குப் பிறகு. ஆகவே, பயன்படுத்திய தலையில் முத்திரை மை மேலே இருக்க வேண்டும். மேலச்சின் மை முத்திரைக்கு மேல் ஏறியிருந்தால், மலிவான சாதாரணத் தலையில் பின்னாளில் யாரோ ‘வேலை காட்டி’யிருக்கிறார்கள் என்று பொருள்.

ஐந்து, முத்திரை. தேதி, ஊர், தலை வெளியான ஆண்டு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊர் உதாரணமே எடுத்துக்கொள்ளலாம். அஞ்சல் குறியீட்டு எண் நாட்டில் அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15-ல். 1949 தேதியிட்ட சிதம்பரம் முத்திரையில் 608001 என்று இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அதேபோல, தென்னாற்காடு மாவட்டம் பிரிந்து கடலூர் மாவட்டம் உருவானது 1993-ல். அதற்கு முந்தைய உறையில் ‘கடலூர் மாவட்டம்’ என்று அச்சிட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு சோதனையில் தேறிவிட்டாலே அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்பெராட்டியின் தலைகள் தாள், துளை, முத்திரை மூன்றிலும் தேறியவை. சிக்கியது அச்சில்தான்.

பல்கேரியா முதல் காந்தி வரை ஒரே தந்திரம்

மேலச்சு மோசடி பிரெஞ்சிந்தியாவோடு நிற்பதில்லை. பல்கேரியா தன் முதல் அஞ்சல்தலையை 1879-ல் வெளியிட்டது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சான சிங்கப் படம் அது. 1884-85-ல் பழைய தலைகளின் மேல் புதிய விலையை அச்சிட்டு வெளியிட்டார்கள். அவை அரிதாகிவிட, சாதாரணச் சிங்கத் தலைகளில் போலி விலை அச்சு குத்துவது ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. அசல் தலை, போலி அச்சு: இதுதான் சூத்திரம்.

இந்தியாவில் இதே சூத்திரத்துக்குப் பலியானது காந்தி தலை. 1948 ஆகஸ்ட் 15-ல் வெளியான காந்தி வரிசை சுவிட்சர்லாந்தில் அச்சானது. அதில் 10 ரூபாய்த் தலையில் மிகக் குறைந்த எண்ணிக்கைக்கு மட்டும் ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டு கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வகையில் நான்கு தலைகள் சேர்ந்த ஒரு துண்டு 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. விளைவு, சாதாரண 10 ரூபாய் காந்தி தலையில் ‘சர்வீஸ்’ என்று குத்தி விற்கும் மோசடி. ஆன்லைனில் இதைச் சில ஆயிரத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வேறு சோதனையே தேவையில்லை.

‘தப்பு அச்சு’ என்றால் கோடியா?

சிதம்பரத்துக்காரர்கள் பலர் பத்திரமாக வைத்திருப்பது 1949-ல் வந்த இரண்டணா நடராஜர் தலை. தொல்லியல் வரிசையில் வந்தது. பார்க்க அழகு, ஆனால், நாடு முழுக்க அன்றாடம் ஒட்டப்பட்டதால் விலை குறைவு. அதே வரிசையின் ஓரணா போதிசத்துவர் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறி அச்சானது. 1950-ல் திருத்தி வெளியிட்டார்கள். தவறான படமும் ஏராளமாக விற்றது என்பதால் ‘பிழை’ என்ற பெயர் மட்டும் அதைக் கோடிக்கு உயர்த்திவிடவில்லை. 1854-ன் நாலணாத் தலையில் ராணி விக்டோரியாவின் தலை கவிழ்ந்து அச்சானது மதிப்பு பெற்றதற்குக் காரணம், அதில் எஞ்சியவை மிகச் சில என்பதுதான்.

பெட்டியில் கிடைத்தால் என்ன செய்யலாம்?

முதலில், கத்தரியை எடுக்கக் கூடாது. தலையை வெட்டி எடுத்துவிட்டு உறையைக் குப்பையில் போடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய இழப்பு. எங்கிருந்து எங்கே, என்ன கட்டணத்தில், எந்த வழியாக ஒரு கடிதம் போனது என்பதற்கு உறையே சாட்சி. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வந்த முழு உறை, பல சமயம் அதில் ஒட்டிய தலையைவிட மதிப்புள்ளது. முகவரியும் எழுத்தும் அந்தக் குடும்பத்தின் வரலாறும்கூட.

செல்லோ டேப், கோந்து, லேமினேஷன் மூன்றும் கூடாது. மேலச்சுள்ள தலையைத் தண்ணீரில் ஊறவைப்பதும் ஆபத்து, மை கரையலாம். கடற்கரை ஊர் என்பதால் ஈரப்பதம் இன்னொரு எதிரி. 2011-ல் தானே புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து காகிதம் நாசமானது பலருக்கு நினைவிருக்கும். தரையில் இல்லாமல் உயரத்தில், காற்றுப் புகும் இடத்தில் வைத்து, இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைப்பது நல்லது.

பெரிய தொகை பேசப்பட்டால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் கைமாற்றக் கூடாது. லண்டனின் ராயல் அஞ்சல்தலைச் சங்கம் போன்ற அமைப்புகள் தலையைச் சோதித்துப் படத்துடன் சான்று தருகின்றன. விவரம் கேட்க சென்னையில் உள்ள தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தை அணுகலாம். போலித் தலை தயாரிப்பதும், தெரிந்தே விற்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் குற்றம். ரசீது, விற்றவர் எழுதிய விவரம், பணம் அனுப்பிய பதிவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தினால்தான் பின்னால் புகார் நிற்கும்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஏலமும் அரிய தலையும் தேவையில்லை. அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டி அஞ்சல்தலைச் சேமிப்புக் கணக்கு தொடங்கினால் புதிய தலைகள் வீட்டுக்கே வரும். 6 முதல் 9-ம் வகுப்பு மாணவர்களுக்காக 2017-ல் அஞ்சல்துறை அறிவித்த ‘ஸ்பர்ஷ்’ திட்டத்தில், தேர்வாகிறவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஒரு லென்ஸ், ஒரு துளை அளவுகோல், கொஞ்சம் பொறுமை இருந்தால் மற்றதைத் தலைகளே கற்றுக்கொடுத்துவிடும்.