நாளைய விமானமும் இன்றைய காவலும்

1963-ம் வருஷம் நமது விமானப் படையில் சேர்ந்த மிக்-21 ரக விமானங்கள் 2025 செப்டம்பர் 26-ந் தேதி சண்டிகரில் விடைபெற்றன. அறுபது வருஷங்களுக்கு மேல் உழைத்த ஊழியனுக்கு நன்றி செலுத்துவது நம் கடமை. ஆனால், அவன் விட்டுச் சென்ற இடத்தில் காவல் நிற்பது யார்? தேசத்திற்கு 42 போர் விமான அணிகள் வேண்டுமென்பது சர்க்காரே அங்கீகரித்த கணக்கு. அன்றைய தினத்தோடு எஞ்சியவை 29.

சுதேசி விமானம் வேண்டுமென்பதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. 1983-ல் துவங்கிய தேஜஸ் திட்டம் 2001-ல் வானேறியது. 2021-ல் 83 புதிய விமானங்களுக்கு உத்தரவாயிற்று. 2024-ல் வரத் துவங்கவேண்டியவை வரவில்லை. அமெரிக்க எஞ்சின்கள் தாமதித்தது முக்கிய காரணம். 1989-ல் துவங்கிய நமது காவேரி எஞ்சினோ தேஜஸுக்கு வேண்டிய வலுவை எட்டவில்லை. ஆகவே அன்னிய எஞ்சினுக்குக் காத்திருக்கிறோம்.

புதியது வந்து சேருமுன் பழையது ஓய்கிறது; அபாயம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எஞ்சின் ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குக. அதற்காக, இருக்கும் விமானங்களின் உதிரிப் பாகங்களிலும், வெடிமருந்திலும், விமானிகளின் பயிற்சியிலும் கை வைக்கலாகாது.

நாளைய பலாக்காயினும் இன்றைய களாக்காய் மேல் என்பர். பலா நடவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது காய்க்கும்வரை களாச்செடியை வாடவிடாதீர் என்கிறோம்.