கட்டத்திலிருந்து அட்டவணைக்கு: மைனஸ் 999 பற்றி

மழை, வறட்சி, பயிர்க்காப்பீடு என்று இயக்கத்து நண்பர்கள் போடும் துண்டறிக்கைகளில் இப்போது எண்கள் நிறைய வருகின்றன. நல்லதுதான். ஆனால் எண்ணையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கவிதையை வரிவரியாகப் பிரித்துப் போடுகிறவர்கள்கூட அட்டவணை என்று வந்துவிட்டால் கைகட்டி நின்றுவிடுகிறார்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான தினசரி மழையளவைக் கட்டங்களாக்கித் தருகிறது. நாட்டின் மேல் ஒரு மீன்வலையை விரித்தது போல, கால் பாகைக்கு ஒரு புள்ளி. நம் பக்கம் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 135, தெற்கு வடக்காக 129, ஆகமொத்தம் 17,415 புள்ளிகள். ஒரு வருஷத்துக்கு ஒரு கோப்பு.

அந்தக் கோப்பைச் சாதாரணமாகத் திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது, வெறும் கிறுக்கல். அதன் பழைய இரும வடிவத்தில் எண்கள் மட்டுமே இருக்கும்; ஒவ்வொன்றும் நான்கு பைட். இடமும் தேதியும் எழுதப்பட்டிருக்காது. எண் எத்தனையாவதாக வருகிறதோ அதுதான் அதன் முகவரி. முதல் எண் தென்மேற்கு மூலை (வடக்கு 6.5, கிழக்கு 66.5). அங்கிருந்து கிழக்கே 135 எண்கள் போய்விட்டு, கால் பாகை மேலேறி மறுபடியும் மேற்கிலிருந்து. இந்த ஒழுங்கைத் தலைகீழாக வாசித்தால் தில்லியில் பெய்த மழை ராய்ச்சூர்ப் பக்கம் விழும். கணினி எந்த ஆட்சேபணையும் சொல்லாது.

அட்டவணையாக்குவது என்றால், இப்படி மறைந்திருக்கும் முகவரியை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதுவதுதான்: தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, மில்லிமீட்டர். நான்கு நிரல். அதே தரவு நெட்-சி.டி.எஃப். வடிவத்திலும் கிடைக்கிறது, அதில் முகவரி கோப்புக்குள்ளேயே இருப்பதால் வேலை சுலபம். பைத்தானில் எக்ஸ்-அரே தெரிந்தவர்கள் நாலைந்து வரியில் முடித்துவிடலாம். சி.டி.ஓ. என்ற இலவச மென்பொருளுக்கு ஒரே கட்டளை போதும். இதில் பெரிய வித்தை ஏதுமில்லை.

வம்பு அதற்கப்புறம்தான். ஒரு வருஷத்துக்கு 63 லட்சத்துக்கு மேல் வரிசைகள் வரும். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. நாள்வரிசையில் கொட்டினால் மார்ச் 1 தாண்டியதுமே வருஷம் முடிந்துபோகும். வடகிழக்குப் பருவமழை வரவே வராது! அதனால் முதலில் நமக்கு வேண்டிய கட்டங்களை வெட்டியெடுத்துக்கொண்டு பிறகு அட்டவணையாக்க வேண்டும். தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. துறையின் கணக்கில் மழைநாள் காலை 8.30-க்கு முடிகிறது. 2015 டிசம்பர் 1 பகலும் இரவும் தாம்பரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டர் டிசம்பர் 2-இன் மழையாகத்தான் பதிவாகியிருக்கிறது. ஏரி திறந்த நேரத்தையும் மழைத் தேதியையும் பக்கத்தில் வைத்து வாதம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் போச்சு.

எல்லாவற்றையும் விட முக்கியம் மைனஸ் 999. மதிப்பு இல்லாத கட்டங்களில் இந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். வங்காள விரிகுடாவுக்கு மைனஸ் 999. யாழ்ப்பாணத்துக்கும் மைனஸ் 999. வலை யாழ்ப்பாணத்தின் மேலும்தான் விரிந்து கிடக்கிறது. ஆனால் தேச எல்லைக்கு வெளியே இருப்பதால் அது கடலோடு கடலாகிவிடுகிறது. விளிம்பு என்று நாம் கோட்பாட்டில் பேசுவது இங்கே ஒரு எண்ணாகவே உட்கார்ந்திருக்கிறது.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ராமநாதபுரம் கடற்கரைக் கிராமங்களின் விவசாயிகளுக்காக ஒரு மனு தயாரித்தோம். ஒன்பது கட்டங்களின் சராசரி எடுக்க வேண்டும். மைனஸ் எண்கள் அசிங்கமாகத் தெரிந்ததால் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டேன். ஒன்பதில் நான்கு கடல். ஐந்து தரைக் கட்டங்களிலும் 450 மில்லிமீட்டர் பெய்திருந்தால் என் சராசரி 250 என்று காட்டும். "மழை இல்லை" என்பதும் "எங்களுக்குத் தெரியாது" என்பதும் ஒன்றல்லவே! தப்பு தெரிந்ததும் நண்பர்களிடம் சொன்னேன். "இருக்கட்டும் தோழர், நமக்குச் சாதகமாத்தான இருக்கு" என்றார் ஒருவர். அன்றிரவு முழுக்கச் சண்டை. கடைசியில் கடலை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டோம். பற்றாக்குறை குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை.

மனு எழுதி முடித்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "எங்க ஊருல மழைமானியே கிடையாதே, இந்த எண்ணு எங்கருந்து வந்துச்சு?" சரியான கேள்வி. நாடு முழுக்க 6,955 மழைமானிகளின் பதிவுகளிலிருந்து இந்தத் தரவு கட்டப்பட்டது. எல்லாம் எல்லா நாளும் பதிவு தந்தவையும் அல்ல. மானி இல்லாத இடத்துக்குப் பக்கத்து மானிகளின் அளவுகளைத் தூரத்துக்கேற்ப எடைபோட்டு நிரப்பியிருக்கிறார்கள். அதை மோசடி என்று சொல்ல மாட்டேன், அறிவியலில் ஒப்புக்கொண்ட முறைதான். ஆனால் நான்கு நிரல் அட்டவணையில் அளந்த எண்ணும் ஊகித்த எண்ணும் ஒரே முகத்தோடு நிற்கின்றன.

அதனால் எங்கள் அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு நிரல் சேர்த்தோம்: அருகிலுள்ள மழைமானிக்கு எத்தனை கிலோமீட்டர். பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. மானிகள் இருக்கும் இடங்களின் பட்டியல் கேட்டுத் தகவலுரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.