பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு தரும் லினக்ஸ்

புது தில்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி தேவை என்பதால், நல்ல நிலையிலுள்ள பல பழைய மடிக்கணினிகள் அதற்குத் தகுதி பெறவில்லை. அவற்றைக் குப்பையில் சேர்ப்பதா என்பதே இப்போதைய கேள்வி.

இதற்கான மாற்று வழி அரசுக்குப் புதிதல்ல. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' இயங்குதளத்தை சி-டாக் அமைப்பு 2007-இல் சென்னையிலிருந்து வெளியிட்டது. திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. இணையவழித் தாக்குதல்களைக் கருத்தில் கொண்டு, உபுண்டு அடிப்படையிலான 'மாயா'வுக்கு மாறப் பாதுகாப்பு அமைச்சகம் 2023-இல் முடிவு செய்தது.

நிறுவும் முறை எளிது. முதலில் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். பிறகு, பதிவிறக்கிய இயங்குதளத்தை பென் டிரைவில் பதிந்து, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வை-ஃபை, ஒலி ஆகியவை சரியாக இயங்கினால் மட்டுமே வன்தட்டில் நிறுவுவது நல்லது.

விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட அலுவலகச் செயலிகளும், ஊழியர்களின் பழக்கமுமே பெரிய தடைகள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துப் பள்ளிகளில் லினக்ஸை நிலைநிறுத்திய கேரளம், இத்தடையைக் கடக்க முடியும் என்பதற்குச் சான்றாக உள்ளது.