இறங்குவதா, வேகத்தைக் குறைப்பதா?

விமானத்தில் ஜன்னலோர சீட் கிடைத்து, அதுவும் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் அமைந்துவிட்டால், இறங்கும் நேரத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். இறக்கையின் மேல்புறத்தில் சில பலகைகள் திடீரென்று நிமிர்ந்து நிற்கும். விமானம் முழுக்க ஒரு கடகட அதிர்வு ஓடும். ஒருமுறை பக்கத்து சீட்டுப் பெரியவர், "தம்பி, ஏதாச்சும் கழண்டுக்கிச்சா?" என்று கேட்டார். "ஒன்னுமில்லைங்க ஐயா, கொஞ்சம் உயரமா இருக்காங்க, பிரேக் போடுறாங்க" என்றேன். "ஆகாசத்துல என்னப்பா பிரேக்கு?"

நல்ல கேள்வி. பதிலை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றால் ஒரு கணக்கில் தொடங்க வேண்டும்.

65 டன் எடையுள்ள ஒரு போயிங் 737, 35,000 அடி உயரத்தில், மணிக்கு சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தால் அதற்குள் இருக்கும் ஆற்றலை நம்ம வீட்டு ஈ.பி. மீட்டர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 1,900 யூனிட். வேகத்தால் இருப்பது இன்னொரு 480 யூனிட். மொத்தம் 2,350க்கு மேல். அதே விமானம் ஓடுபாதையைத் தொடும்போது, சுமார் 140 நாட் வேகத்தில், அதனிடம் 50 யூனிட்டுக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அந்த மிச்சத்தை சக்கர பிரேக்கும் இன்ஜின் ரிவர்சரும் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் 2,300 யூனிட்டையும் காற்றில் உரசித்தான் தொலைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. இறங்குவது என்பது முழுக்க முழுக்க ஒரு செலவுக் கணக்கு.

இந்தச் செலவுக்கு பைலட்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு ரொம்ப எளிமையானது: 1,000 அடி இறங்க 3 கடல் மைல். 35,000 அடியில் இருந்தால் 105 மைல், வேகத்தைக் குறைக்க மேற்கொண்டு ஒரு 10 மைல். அந்தத் தூரத்தில் இன்ஜினை ஐடிலுக்குக் கொண்டுவந்துவிட்டால் விமானம் சறுக்குமரத்தில் வருவதுபோல் வந்து சேரும். கடைசி கட்டத்தில் ஓடுபாதையிலிருந்து 3 டிகிரி சாய்வில் மேல்நோக்கி ஒரு ரேடியோ கற்றை வரும். கிளைடு ஸ்லோப் என்பது அதுதான். அதில் ஒரு மைலுக்கு சுமார் 320 அடி இறக்கம்.

ஆனால் வானத்தில் நாம் ஒருவர் மட்டும் இல்லையே. கீழே வேறு விமானம் போகிறது, அதனால் கட்டுப்பாட்டு அறை இறங்க அனுமதி தரத் தாமதிக்கலாம். பின்காற்று தள்ளிக்கொண்டே வரலாம். அல்லது "குறுக்கு வழியில் நேரா வாங்க" என்று சலுகை கிடைக்கலாம். 20 மைல் மிச்சம் என்று பயணிக்கு சந்தோஷம். பைலட்டுக்கோ 20 மைலில் செலவழிக்க வேண்டிய ஆற்றல் கையில் தங்கிவிட்டது.

அப்போது என்ன செய்வது? இங்கேதான் எனக்குப் பிடித்த முரண் வருகிறது. தூரம் இன்னும் நிறைய இருக்கும்போது உயரமாக இருந்தால், முதல் மருந்து வேகத்தைக் கூட்டுவது! மூக்கைத் தாழ்த்தி 250 நாட்டிலிருந்து 320 நாட்டுக்குப் போனால் உடலோடு காற்று மோதும் தடை அறுபது சதவீதத்துக்கும் மேல் எகிறும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. தடை கூடினால் செலவும் கூடும். அந்தப் பெரியவர் பார்த்த பலகைகளும் அப்படித்தான். அவற்றுக்கு ஸ்பாய்லர் என்று பெயர். இறக்கையின் மேல் ஓடும் காற்றைக் கலைத்துவிடும். வேகமாகப் போகும்போது நன்றாக வேலை செய்யும், மெதுவாகப் போகும்போது அவ்வளவாக இல்லை.

ஓடுபாதை நெருங்கிவிட்டால் மருந்து தலைகீழாக மாறுகிறது. இப்போது வேகத்தைக் குறைத்து, சக்கரத்தையும் ஃபிளாப்பையும் இறக்கி, மெதுவாக ஆனால் செங்குத்தாக இறங்க வேண்டும். சக்கரம்தான் இருப்பதிலேயே நல்ல வான்பிரேக். சத்தம் போடும், அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

சிக்கல் என்னவென்றால், இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. 737-800இல் சக்கரத்தை 270 நாட்டுக்குக் கீழே இறக்கலாம். தரையிறங்கப் பயன்படும் 30 என்ற ஃபிளாப் நிலைக்கு 175 நாட்டுக்குக் கீழே வந்தாக வேண்டும். வேகத்தைக் குறைக்கவோ மட்டமாகப் பறக்க வேண்டும். மட்டமாகப் பறந்தால் தோராயமாக மைலுக்கு 10 நாட் குறையும். 60 நாட் குறைக்க 6 மைல். ஆனால் அந்த 6 மைலிலும் சாய்வுக் கற்றை நமக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும், மைலுக்கு 320 அடி வீதம். வேகத்தைக் குறைத்து முடிக்கும்போது முன்பைவிட 1,900 அடி அதிக உயரத்தில் இருப்போம். சரி, மட்டமாகப் பறக்க வேண்டாம், மூக்கைத் தாழ்த்தி இறங்குவோம் என்றால் வேகம் ஏறும், ஃபிளாப் இறங்காது. ஒரு கையில் எடுத்ததை இன்னொரு கையில் திருப்பிக் கொடுக்கும் கதை.

இந்த வட்டத்திலிருந்து வெளியேற ஒரே நேர்மையான வழி, அதிக தூரம் பறப்பது. "ஒரு சுற்று சுற்றி வருகிறோம்" என்று கேட்க வேண்டியதுதான். ஒரு முழு வட்டத்துக்கு சுமார் 2 நிமிடம். நிமிடத்துக்கு 1,500 அடி இறங்கினால்கூட 3,000 அடி போய்விடும்.

(சுற்ற முடியாதவர்களும் இருந்திருக்கிறார்கள். 1983 ஜூலையில் கனடாவில் எரிபொருள் தீர்ந்துபோன ஏர் கனடா 767, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்துக்கு இன்ஜின் இல்லாமல் சறுக்கி வந்தபோது, கடைசியில் பார்த்தால் உயரம் அதிகம். கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். விமானத்தை ஒருபக்கம் சாய்த்து, ரட்டரை எதிர்ப்பக்கம் மிதித்து, பக்கவாட்டில் காற்றைக் கிழித்துக்கொண்டு இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். இன்ஜின் ஓடும் விமானத்தில் இதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அவர்களிடம் பியர்சனிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.)

இன்னொரு பொறி. கிளைடு ஸ்லோப் கற்றையை எப்போதும் கீழிருந்து போய்ப் பிடிப்பதுதான் வழக்கம். காரணம், ஆன்டெனாவின் இயல்பால் 3 டிகிரிக்கு மேலே அதிகச் சாய்வுகளிலும் போலிக் கற்றைகள் உருவாகும். மேலிருந்து வருபவர் முதலில் சந்திப்பது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். கருவி "சரியான பாதையில் இருக்கிறாய்" என்று காட்டும், இருப்பதோ இரண்டு மடங்கு உயரத்தில்.

இப்போது மங்களூர். 2010 மே 22, காலை 6 மணியைத் தாண்டிய சில நிமிடங்கள். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, ஒரு 737-800, 166 பேர். இதன் விசாரணை அறிக்கையை நான் ஒருமுறைக்கு மேல் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் படிக்கும்போது "இங்கேயாவது விட்டிருக்கலாமே" என்ற இடங்கள்தான் கண்ணில் படுகின்றன.

அன்று அந்தப் பகுதியின் ரேடார் வேலை செய்யவில்லை. அதனால் இறங்க அனுமதி வழக்கத்தைவிடத் தாமதமாக, ஓடுபாதைக்கு நெருக்கத்தில் கிடைத்தது. இது யாருடைய தவறும் அல்ல, எந்த பைலட்டுக்கும் நடப்பது. ஆனால் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கும் சுமார் 2 மணி நேரத்தில் 1 மணி 40 நிமிடத்துக்கு அவர் பேச்சே இல்லை. குறட்டைச் சத்தம் பதிவாகியிருக்கிறது. இறங்குவதைப் பற்றிய திட்டப்பேச்சு இருவருக்கும் இடையே ஒழுங்காக நடக்கவில்லை. உயரம் அதிகம் என்று உணர்ந்ததும் ஸ்பாய்லரோடு சேர்த்து சுமார் 8,500 அடியிலேயே சக்கரத்தை இறக்கினார்கள். மருந்து சரிதான். கொடுத்த நேரம் போதவில்லை. ஓடுபாதையை நெருங்கும்போது இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தார்கள்.

சுமார் 2.5 மைல் தூரத்தில் ஓடுபாதை கண்ணெதிரே, ஆனால் காலுக்குக் கீழே. துணை பைலட் "கோ அரவுண்ட்" என்றார். இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிடலாம் என்று பொருள். கேப்டன் கேட்கவில்லை. மூக்கைத் தாழ்த்தினார். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 4,000 அடிக்கு அருகில் போனது. 3 டிகிரி சாய்வில் வேண்டியது 700, 750தான். தரையை நெருங்குவதாக எச்சரிக்கைக் கருவி மாற்றி மாற்றிக் கத்துகிறது. துணை பைலட் மொத்தம் மூன்று முறை சொன்னதாக அறிக்கை கணக்கிடுகிறது.

ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில், 144 நாட்டில் கடக்க வேண்டிய விமானம், 200 அடி உயரத்தில், 160 நாட்டுக்கு மேல் கடந்தது. "150 அடிதானே கூடுதல்" என்று தோன்றும். 3 டிகிரி சாய்வில் 150 அடி இறங்க கிட்டத்தட்ட 2,900 அடி தூரம் ஓடும். 16 நாட் வேகம் கூடுவது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலை 23 சதவீதம் கூட்டும். விமானம் தரையில் உட்கார்ந்தது தொடக்கத்திலிருந்து சுமார் 5,200 அடி தள்ளி. ஓடுபாதையின் நீளம் 8,033 அடி. மங்களூர் மேசை மேல் வைத்ததுபோன்ற ஓடுபாதை, முடிவில் பள்ளத்தாக்கு.

கொடுமை என்னவென்றால், அந்த இடத்தில் தொட்டபிறகும் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்திருந்தால் ஓடுபாதைக்குள்ளேயே நின்றிருக்க முடியும் என்றுதான் விசாரணைக்காகச் செய்த கணக்கு சொன்னது. ரிவர்சரைத் திறந்த பிறகு கேப்டன் மனதை மாற்றி மேலே ஏற முயன்றார். அதற்கு மூன்று தடவை சொல்லியும் மறுத்தவர், அது இனி முடியாது என்ற இடத்தில் முயன்றார். 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள்.

கோ அரவுண்ட். பியர்சனிடம் இல்லாதது என்று சொன்னேனே, அது இதுதான். விமான நிறுவனங்கள் இதற்கு ஒரு வாசல்படி வைத்திருக்கின்றன: ஓடுபாதைக்கு மேல் 1,000 அடியில் (வானம் தெளிவாக இருந்தால் சில இடங்களில் 500 அடியில்) பாதை, வேகம், இறங்கும் வீதம், ஃபிளாப், சக்கரம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மேலே போ. யோசிக்க வேண்டியதில்லை, விவாதம் இல்லை. காகிதத்தில் ரொம்பத் தெளிவு. ஆனால் ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் செய்த ஆய்வில், இப்படிப் பிசகிய அணுகல்களில் சுமார் 3 சதவீதம்தான் மேலே போகின்றன. மிச்ச 97 சதவீதம் அப்படியே இறங்கிவிடுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பத்திரமாகத்தான் இறங்குகின்றன என்பதுதான் என்னை உறுத்துவது. ஒவ்வொரு முறையும் "போன தடவையும் இப்படித்தான் வந்தோம், சரியாயிடுச்சே" என்ற பாடம் ஏறிக்கொண்டே போகிறது. கேப்டன் ஒரு முட்டாள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. கண்ணெதிரே ஓடுபாதை இருக்கும்போது அதை விட்டு விலகுவது மனித மூளைக்கு உவப்பில்லாத வேலை. சாலையில் திருப்பத்தைத் தவறவிட்டால் அடுத்த யூ டர்ன் வரை போகாமல் அங்கேயே வண்டியை ஒடிக்கிறோமே, அந்த மூளைதான்.

மங்களூருக்குச் சரியாக 10 ஆண்டு கழித்து, 2020 மே 22 அன்று, லாகூரிலிருந்து கராச்சி வந்த பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸ் 8303 ஓடுபாதைக்கு 15 மைல் தூரத்தில் 9,780 அடியில் இருந்தது. அங்கே இருக்க வேண்டியது 3,000 அடி. கட்டுப்பாட்டு அறை உயரத்தைப் பற்றி எச்சரித்தது, திரும்பச் சொன்னது. காக்பிட்டிலிருந்து வந்த பதில், சமாளித்துவிடுவோம் என்ற தொனியில். உயரத்தைக் குறைக்கச் சக்கரத்தை இறக்கினார்கள். 5 மைலுக்குள் வந்தபோது, சுமார் 1,740 அடியில், அதை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவசரத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை, எச்சரிக்கை மணிகளின் கூட்டத்தில் அதற்கான மணியும் கரைந்துவிட்டது. ஏ320 சக்கரமில்லாமல் ஓடுபாதையில் இன்ஜின்களைத் தேய்த்தபடி ஓடியது, பிறகு மேலே எழுந்தது. சில நிமிடங்களில் இரண்டு இன்ஜின்களும் நின்றுபோய் குடியிருப்பில் விழுந்தது. விமானத்திலிருந்த 99 பேரில் இரண்டு பேர் மட்டும் பிழைத்தார்கள்.

15 மைலில் 6,780 அடி கூடுதல் உயரம். முன்னால் சொன்ன கணக்குப்படி இரண்டு சுற்று, அதிகம் போனால் மூன்று. மொத்தம் ஆறு நிமிடம்.