முயற்குட்டிக்கு விருந்து வேண்டா

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளில் இரண்டு மூன்று அறைகளுக்குள் காலம் கழிப்பவை. நாய் வளர்க்க வீட்டுக்காரர் இசைவதில்லை. பூனை வளர்க்கப் பாட்டிமார் இசைவதில்லை. குழந்தைகளோ ஏதேனும் ஓர் உயிரைக் கையில் ஏந்திக் கொஞ்ச விரும்புகின்றனர். இந்நிலையில் பெற்றோரின் கண்ணுக்குத் தென்படுவது முயற்குட்டி. அது குரைப்பதில்லை, அடுப்பங்கரையில் பாலைத் திருடுவதில்லை, பஞ்சுப்பொதி போல ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறது. பிறந்தநாள் பரிசாகவோ, பரீட்சையில் தேறியதற்கு வெகுமதியாகவோ, ஒரு மாலைப்பொழுதில் துளையிட்ட அட்டைப் பெட்டியில் அது வீடு வந்து சேர்கிறது.

இவ்வாறு வரும் குட்டிகளுள் சில, வந்த இரண்டொரு வாரத்திலேயே இறந்துபோகின்றன. குழந்தை தேம்பி அழுகிறது. “நம் வீட்டுக்கு முயல் ராசியில்லை” என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். ராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வந்தவரை வயிறார உண்பித்து மகிழ்வது நம் குலவழக்கம். அந்த நல்வழக்கமே முயற்குட்டியின் மெல்லிய குடலுக்குப் பகையாகிறது. தயிர்சாதம், பிஸ்கட்டு, வாழைப்பழம், காரட்டு என்று ஆளுக்கொன்றாய் ஊட்ட, மூன்றாம் நாள் அது கழிச்சல் கண்டு சோர்கிறது. ஆகவே முயல் வளர்ப்பில் நாம் கற்கவேண்டிய முதற்பாடம், எதைக் கொடுப்பது என்பதைக் காட்டிலும் எதைக் கொடாதிருப்பது என்பதேயாகும்.

காட்டு முயலும் வீட்டு முயலும்

திருக்குறளிலும் சங்கப் பாடல்களிலும் நாம் காணும் முயல் வேறு. கடையில் வாங்கும் முயல் வேறு. நம் நாட்டுக் காட்டு முயல் புதரடியில் ஈனும். அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, மயிர் போர்த்த உடலுடன் இருக்கும். அதனைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டு முயலோ ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட இனத்தின் வழிவந்தது. மண்ணில் வளை தோண்டி வாழ்வது அதன் இயல்பு. அதன் குட்டி மயிரின்றிக் கண்மூடிப் பிறந்து, ஏறக்குறைய 10 நாட்களுக்குப் பின்னரே கண் திறக்கும்.

குளிர்ச்சியும் மறைவிடமும் இவ்வினத்தின் பிறவித் தேவைகள். கொடைக்கானல் மலைப்பகுதியில் மன்னவனூர் என்ற ஊரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம், செம்மறி ஆடுகளுடன் முயல்களையும் வளர்த்து ஆராய்ந்து வருகிறது. அந்த மலைக்குளிர் முயலுக்கு மிகவும் உகந்தது. டில்லியின் மே மாதத்தில் அதே பிராணியை வாழவைக்க முற்படும் நாம், அதற்குரிய ஏற்பாட்டையும் செய்தாக வேண்டும்.

வயதறிந்து வாங்குக

தாய் முயல் நாளொன்றுக்கு ஓரிரு முறையே, அதுவும் சில நிமிடங்களே பால் கொடுக்கும். ஆயினும் அந்தப் பால் குட்டியின் குடலைக் கிருமிகளிடமிருந்து காக்கும் கவசமாகும். பால் மறந்து புல்லுக்கு மாறும் காலம் குட்டியின் வாழ்வில் பேராபத்தான காலம். ஆதலின் 8 வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. ஆனால் கடைக்காரரிடம் மெய்யான வயதை அறிவது முயற்கொம்பே. சிறிய குட்டி விரைவில் விலைபோகும் என்று கருதி 4 வாரக் குட்டியையும் விற்போர் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் குட்டியைக் காட்டி, “இது குட்டையினம்” என்று சொன்னால் உடனே நம்பிவிடலாகாது. நம் கண்ணெதிரே புல்லைத் தானே கடித்து மென்று தின்கிறதா, கண்ணும் மூக்கும் நீர் வடியாமல் உள்ளனவா, பின்புறம் கழிச்சல் படியாமல் தூய்மையாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்குதல் வேண்டும். 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி, வளர்ப்புப் பிராணிகளை விற்கும் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பதில் நாணம் வேண்டா.

பால்குடி மறவாத குட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதாயின், பசும்பாலைப் புட்டியிலோ பஞ்சிலோ புகட்ட முனையாமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. பசும்பால் அதன் குடலுக்கு ஒவ்வாது. அவசரமாகப் புகட்டும் பால் மூச்சுக்குழலுள் இறங்கி உயிரைப் பறித்தலும் உண்டு.

முதல் மூன்று நாட்கள்

புதிய இடம், புதிய மணம், புதிய குரல்கள் யாவும் குட்டிக்கு அச்சத்தை விளைவிக்கும். முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. அஞ்சினால் கத்தாது, அசையாமல் ஒடுங்கிவிடும். அந்த ஒடுக்கத்தைச் சாதுத்தனம் என்று நாம் எண்ணிக்கொண்டு, அக்கம்பக்கத்துக் குழந்தைகளையெல்லாம் அழைத்துக் கைமாற்றி விளையாடவிடுகிறோம். இது தவறு. முதல் மூன்று நாட்கள் அதனை அமைதியான ஓர் அறையில் விட்டுவிடுக. ஓர் அட்டைப் பெட்டியில் வாயில் வெட்டிக் கவிழ்த்துவைத்தால் அதுவே அதற்கு வளையாகும். கம்பித் தளமுள்ள கூண்டு பாதங்களைப் புண்ணாக்கும். தளத்தின்மீது பாயோ, தடித்த துணியோ, வைக்கோலோ பரப்புதல் வேண்டும். குழந்தைகள் தரையில் அமர்ந்து, குட்டி தானாக அருகே வரும்வரை பொறுத்திருக்கப் பழகுவார்களாக.

தூக்க நேரின் காதைப் பற்றித் தூக்குவது கொடுமை. ஒரு கை மார்பின் கீழும், மறு கை பின்னங்கால்களின் கீழுமாக ஏந்தி, நம் உடலோடு அணைத்துக்கொள்ளல் வேண்டும். முயலின் எலும்புகள் மிக இலேசானவை. பின்னங்கால் தசைகளோ வலியவை. பிடி தளர்ந்து அது உதைத்துத் திமிறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். சிறு குழந்தைகள் நின்றுகொண்டு தூக்குதல் கூடவே கூடாது.

புல்லே சோறு

முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாகவே இருத்தல் வேண்டும். இதற்குக் காரணங்கள் இரண்டு. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். நார் மிகுந்த புல்லை ஓயாமல் அரைத்தாலன்றி அவை தேயா. இரண்டாவது, அதன் குடல் இடையறாது இயங்கவேண்டியது. நார் குறைந்து மாவும் இனிப்பும் மிகுந்தால் இயக்கம் நின்று வயிறு உப்பும். முயலால் வாந்தியெடுக்கவும் இயலாது. உள்ளே சென்ற கேடு உள்ளேயே தங்கிவிடும்.

வந்த முதல் வாரம், கடையில் என்ன தின்றதோ அதையே தொடர்ந்து கொடுத்து, வீட்டு உணவுக்குச் சிறிது சிறிதாக மாற்றுக. உலர்ந்த புல் இரவும் பகலும் குறைவின்றிக் கிடைக்கவேண்டும். நெல் வைக்கோலும், இங்கே மாடுகளுக்குப் போடும் கோதுமைப் பூசாவும் படுக்கைக்கு உதவுமேயன்றி வளரும் குட்டிக்குப் போதிய ஆகாரமாகா. குதிரை மசால் என்று நாம் கூறும் தீவனத்தை உலர்த்திக் கொடுப்பது 6 மாதம் வரை நல்லது. அதன் பிறகு சாதாரண உலர்புல்லே ஏற்றது. டில்லியில் குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் பர்சீம் தழையைப் பச்சையாக மிகுதியாய்ப் போட்டால் வயிறு உப்பும். வாடவைத்துச் சிறிதளவே தருக.

பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகம்புல் முயலுக்கும் மிக உகந்தது. இங்குள்ளோர் அதனைத் தூப் என்பர். சாலையோரப் புல்லில் வாகனப் புகையும், பூச்சிமருந்தும், நாய்களின் அசுத்தமும் படிந்திருக்கும். அதனைத் தவிர்த்து, பால்கனியில் இரண்டு மூன்று தொட்டிகளில் அறுகை வளர்த்துக்கொள்ளலாம். முழு உணவுக்கும் அது போதாதெனினும் நாள்தோறும் ஒரு பிடி பசும்புல் கிடைக்கும். புல்வெட்டும் எந்திரம் வெட்டிக் குவித்த புல் விரைவில் புளித்துவிடுமாதலின் ஆகாது.

கீரைகளைப் பொறுத்தவரை 12 வாரம் ஆகும்வரை பொறுத்திருத்தல் நன்று. பிறகு கொத்துமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரை ஆகியவற்றுள் ஒரு வேளைக்கு ஒன்றாக இரண்டு மூன்று இலைகள் கொடுத்து, மறுநாள் கழிச்சல் இல்லையெனக் கண்டபின் சற்றே கூட்டுக. முயலென்றால் காரட்டுத்தான் என்று, தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் எனச் சாதிப்பாரைப் போலச் சாதிப்போர் பலர். காரட்டில் சர்க்கரை மிகுதி; வளர்ந்த முயலுக்கும் அது வாரத்தில் ஓரிரு துண்டு தின்பண்டமே. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, பருப்பு வகைகள், சோறு, ரொட்டி, சாக்லெட்டு இவற்றை அருகே காட்டவும் வேண்டா. கடையில் கிடைக்கும் குச்சித் தீவனத்தை 6 மாதத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 25 கிராம் என்ற அளவில் நிறுத்திக்கொள்க. கனமான கிண்ணத்தில் தூய நீர் எப்போதும் இருக்கட்டும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. இரவிலோ விடியலிலோ முயல் தன் பின்புறத்திலிருந்து வரும் மென்மையான ஒருவகைப் புழுக்கையைத் தானே தின்னும். அருவருத்து அதைத் தடுத்தல் கூடாது. புல்லின் சத்தை இரண்டாம் முறை செரித்துக்கொள்ள இயற்கை வகுத்த வழி அது.

வெயிலும் நோயும்

வெப்பம் 30 டிகிரியைக் கடந்தால் முயல் துன்புறத் தொடங்கும். டில்லியில் அது 45 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. அதற்கு வியர்வை இல்லை. காதுகளின் வழியாகவே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. ஆதலின் கோடையில் பால்கனிக் கூண்டு அதற்குச் சிதையே. வீட்டின் குளிர்ந்த அறையில், வெறுந்தரையில் விட்டு, உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றி அருகே வைக்கலாம். ஈரத்துணியால் காதுகளைத் துடைக்கலாம், குளிப்பாட்டுதல் ஆகாது. குளிர்காலத்தைப் பெரிய முயல் தாங்கும். குட்டிக்கு ஊதற்காற்றும் ஈரமும் படாமல் காத்தல் வேண்டும். தீபாவளி இரவில் உள்ளறையில், சன்னல்களை மூடி வைத்திருப்பது நலம். மின்கம்பிகளை அது கொறிக்காதவாறு மறைப்பதும் இன்றியமையாதது.

முயல் தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ, புழுக்கை போடாமலோ இருந்தால் அது விடியும்வரை காத்திருக்கத்தக்கதன்று. உடனே மருத்துவரை நாடுக. குட்டிக்கு நீர்க்கழிச்சல் கண்டாலும் அவ்வாறே. மூக்கிலும் காதோரத்திலும் வெண்பொருக்குத் தோன்றினால் அது சொறிப்பூச்சி, மருந்தால் குணமாகும். ஆனால் வீட்டு அலமாரியிலுள்ள மாத்திரையைத் தேடவேண்டா. நாம் உண்ணும் அமாக்சிசிலின் முயலின் வயிற்றுக்குள் சென்றால் குடலின் நற்கிருமிகள் அழிந்து அது மடியக்கூடும். நாய்க்கு இடும் சில தெள்ளு மருந்துகளும் அதற்கு நஞ்சு.

ஆணும் பெண்ணுமாக இணை வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 4 மாதத்திலேயே அவை இனம்பெருக்கத் தொடங்கலாம்; கருக்காலம் ஏறக்குறைய 31 நாட்களே. 3 மாதத்தில் பிரித்து வைத்து, கருத்தடைச் சிகிச்சை குறித்து மருத்துவரைக் கேட்டறிக.

ஊருக்குப் போகும் காலம்

நம்மவர் இல்லங்களுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. டில்லி கொதிக்கும் மே, ஜூன் மாதங்களில்தான் பள்ளி விடுமுறையில் நாம் ஊர் செல்கிறோம். சென்னைக்கே ஏறக்குறைய ஒன்றரை நாள் ரயில் பயணம். அவ்வெப்பத்தில் குட்டியைக் கூடையில் எடுத்துச் செல்வது அதனைப் பலியிடுவதற்கு ஒப்பாகும். பூட்டிய வீட்டில் புல்லை அள்ளிப் போட்டுவிட்டுச் செல்வதும் அவ்வாறே. பங்குனி மாதத்திலேயே ஒரு குடும்பத்துடன் பேசி ஏற்பாடு செய்க. புல் எவ்வளவு, எவ்வெவை தரலாகாது, மருத்துவர் யார் என்பவற்றை அவர்தம் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துச் செல்க. அடுத்த தெருவிலுள்ள இரண்டு தமிழ்க் குடும்பங்கள் வெவ்வேறு வாரங்களில் ஊர் சென்று ஒருவர்க்கொருவர் உதவிக்கொள்வது இன்னும் சிறப்பு.

நன்கு பேணப்பட்ட முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். இன்று 8 வயதில் அதனைக் கேட்டு அடம்பிடிக்கும் சிறுவன், அது முதுமை எய்தும்போது கல்லூரியில் பயின்றுகொண்டிருப்பான். அதற்கிடையே தந்தைக்கு உத்தியோக மாற்றம் வரலாம்; வீடு மாறலாம். சிறுவன் நாள்தோறும் நீரை மாற்றி, புல்லை நிரப்பி, புழுக்கையைக் கவனித்துச் சொல்லப் பழகுவது நற்பழக்கமே. ஆயினும் அந்த உயிருக்குப் பொறுப்பாளி அவனல்லன். வாங்கிக் கொடுத்த பெரியவர்களே.

ஆகவே, வாங்க எண்ணும் குடும்பங்கள் முதலில் மூன்றை உறுதி செய்துகொள்க: ஆண்டு முழுதும் புல் கிடைக்கும் இடம், முயலுக்கு வைத்தியம் செய்து பழகிய கால்நடை மருத்துவர், கோடையில் அதனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீடு. இம்மூன்றும் கைகூடிய பின்னர்க் குட்டியைத் தேடிச் செல்லலாம்.