சொல் தாழ்ந்ததா, மனம் தாழ்ந்ததா?

'ஸ்கவெஞ்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லை எம்மிற் பலர் கேட்டிருப்போம். நகரசபைகளில் தெருக் கூட்டியவர்களையும் வாளிக் கக்கூசுகளைச் சுத்தம் செய்தவர்களையும் அச்சொல்லால் அழைத்தனர். விலங்கியல் நூல்களிலே செத்ததைத் தின்னும் காகம், நரி, கழுகு முதலியவற்றுக்கும் அதுவே பெயர். பேச்சிலே அது வசையாகவும் வருகின்றது. தமிழில் 'தோட்டி' என்னும் சொல்லுக்கும் இதே கதிதான்.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வேறு. இடைக்கால இலண்டனில், வெளியூர் வணிகர் விற்பனைக்கு வைத்த பொருட்களைப் பார்வையிட்டு வரி அறவிட்ட உத்தியோகத்தருக்கே முதலில் அப்பெயர் வழங்கியது. 'பார்வையிடுதல்' என்பதே அதன் வேர்ப்பொருள். பின்னர் தெருக்களின் துப்புரவைக் கவனிக்கும் பொறுப்பும் அவரிடம் சேர்ந்தது. காலப்போக்கில், மேற்பார்வை செய்தவரின் பெயர் தும்புத்தடி பிடித்தவருக்குப் போயிற்று. மதிப்பும் அத்தோடு போயிற்று.

எமது நாட்டில் பிரித்தானியர் ஆட்சியின்போது தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் நகரசுத்தி வேலையில் அமர்த்தப்பட்டனர். நகரம் சுத்தமாயிற்று, சுத்தமாக்கியவர்களோ ஒதுக்கப்பட்டனர். இந்தியாவில் மனிதக் கழிவைக் கையால் அள்ளுவிப்பதைத் தடுக்க 1993 இல் ஒரு சட்டமும், 2013 இல் அதனிலும் விரிவான சட்டமும் வந்தன. ஆயினும் கழிவுக் குழிகளில் இறங்கி நச்சுவாயுவால் மாண்டுபோவோர் இன்னமும் உளர்.

இயற்கையிலும் துப்புரவாளர் உண்டு. சாணியை மண்ணுக்குள் சேர்க்கும் வண்டையும், சருகை எருவாக்கும் மண்புழுவையும் கமக்காரராகிய நாம் அறிவோம். 1990 களில் இந்தியாவில் கழுகுகள் பெருந்தொகையாக அழிந்தன. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்குளோபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாக அவற்றின் சிறுநீரகத்தைப் பழுதாக்கியதே காரணம். மாட்டுப் பிணங்கள் வெளியிலே அழுகின, தெருநாய்கள் பெருகின. 2006 இல் மாடுகளுக்கான அம்மருந்து அங்கு தடைசெய்யப்பட்டது. கழுகு போன பின்னரே அதன் அருமை தெரிந்தது.

இனி எம்மையே கேட்போம். இடம்பெயர்ந்த நாம் ஒரே மலசலகூடத்தைப் பல குடும்பங்களாகப் பாவித்திருக்கிறோம். "இன்றைக்கு ஆர் கழுவுறது?" என்ற கேள்வி எழுந்தபோது எமது கண்கள் ஆரைத் தேடின? எல்லா வீட்டாரையுமா, அல்லது குறிப்பிட்ட சிலரையா? ஊரையும் வயலையும் விட்டு வந்தோம். சாதியை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோமா? வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் சாதி பார்த்து வருவதில்லை.

ஆகவே, முறை வைத்து எல்லா வீட்டாரும் கழுவுவோம். தலைவர் வீட்டுக்கும் முறை உண்டு. பெண்கள் தலையில் மட்டும் அதைக் கட்டிவிடவும் வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவோம். குழி நிரம்பினால் எவரையும் அதற்குள் இறக்காமல், பிரதேச சபையின் கழிவகற்றும் வண்டியைக் கேட்போம். பிள்ளைகள் அச்சொல்லை வசையாகச் சொன்னால் அன்றே திருத்துவோம்.

அழுக்கை உண்டாக்குவது எல்லோரும். அகற்றுவது மட்டும் சிலரின் தலைவிதியா?