ஷூ இல்லாமல் கிளாஸ்கோ மைதானத்தில் இறங்கிய சலீம்!

பௌர்ணமி இரவில் ரமணாசிரமத்து வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். செங்கம் சாலை முழுக்க வெறுங்கால்கள்தான். 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்காகச் செருப்பைக் கழற்றியவர்களில் ஐரோப்பியர்களும் இருப்பார்கள். தார்ச்சாலையில் அவர்கள் பாதம் பார்த்துப் பார்த்து வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகம் வருவார். இங்கிருந்து அவர்கள் ஊருக்குப் போய், வெறுங்காலோடு கால்பந்து ஆடியவர்.

கால்பந்து என்றதும் இன்னொரு சேதி. மதுரையில் வெங்கடராமனாக இருந்த பள்ளி நாட்களில் பகவான் ரமணரும் பந்து விளையாடியவர்தான். அவர் இருக்கும் அணி ஜெயித்துவிடும் என்பதால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'தங்கக்கை'. கால் பந்துக்குக் கை எப்படி என்று கேட்காதீர்கள். நம் ஊரில் ராசி கையில்தானே!

சரி, நம்மவருக்கு வருவோம். பெயர் முகமது சலீம். 1904-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1911-ல் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கியபோது அவர் சிறுவன். பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார சிப்பாய்களைப் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய நம்மவர்கள் ஜெயித்தார்கள் என்பது அந்த ஊருக்கே திருவிழா. அந்தக் காற்றில் வளர்ந்த சலீம், பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு ஆடினார். கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1934 தொடங்கி வரிசையாக ஐந்து முறை வென்றது.

1936-ல் உறவினர் ஒருவர், "உன் ஆட்டத்துக்கு ஐரோப்பாதான் இடம்" என்று பிடிவாதம் பிடித்து அவரைக் கப்பலேற்றினார். போய்ச் சேர்ந்த இடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அங்கே செல்டிக் கிளப்பின் மேனேஜர் வில்லி மேலி. ஷூ போடாமல் ஆடுவார் என்றதும் அவருக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கிறது. பந்தும் காலுமாக சலீம் செய்த வித்தையைப் பார்த்த பிறகு சேர்த்துக்கொண்டார்.

பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து உட்கார்ந்து சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டு போடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. நாட்டை ஆண்டவர்களில் ஒருவர், ஆளப்பட்டவரின் காலைப் பிடித்திருக்கும் படம். எனக்கு அது எந்தக் கோப்பையையும்விடப் பெரிது.

ஆடியது இரண்டே ஆட்டங்கள். ஹாமில்டன் அணியை 5-1, கால்ஸ்டனை 7-1 என்று செல்டிக் வென்றது. ஏழில் மூன்று கோல்கள் சலீம் கொடுத்த பந்தில் வந்தவை. மறுநாள் பத்திரிகை அவரை வித்தைக்காரர் என்றே எழுதியது.

இங்கிலாந்தில் தொழில்முறை வீரரின் வாரச் சம்பளத்துக்கு அப்போது 8 பவுண்டு உச்சவரம்பு. பெரிய பணக்காரர் ஆக முடியாது. ஆனால் பந்தாட்டமே பிழைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். கல்கத்தாவில் அந்தப் பேச்சே கிடையாது. அப்படியொரு வாசல் திறந்திருந்தும் சலீமுக்கு ஊர் நினைப்பு தாளவில்லை. சில மாதங்களில் கிளம்பிவிட்டார். அவரை இருத்திக்கொள்ள ஓர் அறக்கட்டளை ஆட்டம் நடத்தி, வசூலில் 5 சதவிகிதம் தருவதாக கிளப் சொன்னது. "அதை ஆட்டம் பார்க்க வரும் அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றாராம் சலீம். அந்த 5 சதவிகிதம் எவ்வளவு பெரிய தொகை என்று அவருக்குத் தெரியாது என்பார்கள். தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து பழையபடி முகமதனுக்கு ஆடினார். 1980-ல் காலமானார்.

முதுமையில் அவர் படுத்த படுக்கையானபோது, மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார், அப்பாவின் சிகிச்சைக்குப் பணம் தேவை என்று. உண்மையில் பணத்துக்காக இல்லை. அப்பாவை அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா என்று பார்க்கத்தான். பதில் வந்தது. உறைக்குள் 100 பவுண்டுக்கு ஒரு வங்கி வரைவோலை. மகன் அதைக் காசாக்கவே இல்லை, பத்திரமாக வைத்துக்கொண்டார்.